எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயரா?

சென்ற ஐப்பசி மாதத்தின் ஒரு மாலை நேரம். செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூருக்கு வந்துகொண்டிருந்த என் தங்கை மகனின் கார், ஊருக்குச் சில கிலோமீட்டர் முன்பாக ஒரு வளைவில் பின்புறம் வழுக்கிச் சுழன்று, ஏரிக்கரையின் விளிம்பில் போய் நின்றது. மழை பலமாக இல்லை, தூறல்தான். வேகமும் அதிகமில்லை என்கிறான். யாருக்கும் காயம் இல்லை. ஆனால், அதே வளைவின் மறுபக்கத்தில் மிதிவண்டிகளில் இரண்டு பள்ளி மாணவிகள் வந்துகொண்டிருந்தார்கள். இருபது அடி தள்ளி அவர்கள் இருந்ததால் இந்தக் கட்டுரையை இந்தத் தொனியில் எழுத முடிகிறது.

அவன் ஒரகடத்தில் பொறியாளராகப் பணிபுரிபவன். பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு, பின்சக்கர உந்துவிசை கொண்ட சக்திவாய்ந்த செடான் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருந்தான். விபத்துக்கு ஆறு மாதம் முன்பு பின்சக்கர டயர்கள் இரண்டையும் மாற்றியிருந்தான். கடையில் கொடுத்த உறுதி ஒரே வரிதான்: ‘இது ஆல் சீசன் டயர், எல்லாக் காலத்துக்கும் தாங்கும்.’ அன்றிரவு வீட்டுக்கு வந்து, நடுக்கம் அடங்கிய பிறகு அவன் கேட்ட கேள்வி இதுதான்: “மாமா, எல்லாப் பருவம் என்றால் அதில் மழையும் சேர்த்தி இல்லையா?”

நான் பொறியியல் படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். ஆனால், அவனுடைய கேள்வி பொறியியலைவிடப் பொருளியலுக்கே நெருக்கமானது என்று எனக்குத் தோன்றியது. ஒரு பொருளின் பெயர் சொல்வதற்கும் அப்பொருள் செய்வதற்கும் இடையிலான தூரத்தை வாங்குபவர் எப்படி அறிவார்? அறியாமல் வாங்கினால் அதற்கான விலையைக் கொடுப்பது யார்?

பெயர் பிறந்த நாடு

‘அனைத்துப் பருவ டயர்’ என்னும் சொல் நம் ஊருக்காக உருவானதல்ல. அமெரிக்காவின் வடபகுதிகளில் கோடைக்கு ஒரு டயரும், பனிக்காலத்துக்கு வேறொரு டயரும் மாற்றும் வழக்கம் உண்டு. ஆண்டுக்கு இருமுறை மாற்றும் அலைச்சலைத் தவிர்க்க, மிதமான பனியிலும் ஓரளவு ஓடக்கூடிய டயரைச் சந்தை தேடியது. 1977-இல் குட்இயர் நிறுவனம் ‘டியெம்போ’ என்ற பெயரில் அத்தகைய ரேடியல் டயரை அறிமுகப்படுத்தியது. அதன் வெற்றிக்குப் பிறகு அந்தச் சொல் உலகெங்கும் பரவியது.

ஆக, இந்தச் சொல்லில் உள்ள ‘பருவம்’ என்பது பனியைக் குறிக்கிறது. டயரின் ரப்பர் கலவை குளிரில் இறுகும். சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே சாதாரணக் கோடை டயரின் பிடிமானம் குறையத் தொடங்கும் என்பார்கள். அந்தக் குளிரிலும் இளகிய தன்மை மாறாதிருக்கும் கலவையும், பனியைக் கவ்வுவதற்கான நுண்ணிய வெட்டுகளும் அனைத்துப் பருவ டயரின் அடையாளங்கள். மார்கழி அதிகாலையிலும் அந்த அளவுக் குளிரை உத்திரமேரூர் காண்பதில்லை. நமக்கு உள்ள பருவங்கள் இரண்டு: தார் உருகும் வெயில், ஏரி நிரம்பும் மழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது.

பனிக்காகச் செய்த சமரசம் வெயிலில் வீணாகிறது. இளகிய கலவை சித்திரை வெயிலில் விரைவாகத் தேயும். நுண்வெட்டுகள் மிகுந்த பட்டன்கள் சூட்டில் நெளியும். வண்டியின் திருப்பம் துல்லியம் இழக்கும். மறுபுறம், நம் கடைகளில் ‘ஆல் சீசன்’ என்று விற்கப்படும் டயர்கள் எல்லாம் உண்மையில் அந்த வகையைச் சேர்ந்தவையும் அல்ல. வெப்ப நாட்டுக்கென்றே வடிவமைத்த சாதாரண டயரையும் அதே பெயரில் விற்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் காணப்படும் ‘எம் பிளஸ் எஸ்’ என்ற குறி, சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் வடிவம் என்பதைச் சொல்கிறதே தவிர, சோதனையில் தேறியது என்பதற்கான சான்று அல்ல. மூன்று சிகரமும் பனித்துகளும் சேர்ந்த முத்திரைதான் பனியில் சோதிக்கப்பட்டதற்கு அடையாளம். இவ்விரண்டில் எதுவும் நனைந்த தார்ச் சாலையில் அந்த டயர் எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதைச் சொல்லாது. நமக்கு வேண்டியதோ அந்த ஒரு தகவல்தான்.

பிடிமானம் என்னும் வரவு

பின்சக்கர உந்துவிசை கொண்ட கார் ஏன் இவ்விஷயத்தில் கூடுதல் கவனம் கேட்கிறது என்பதைக் குடும்ப வரவு செலவைக் கொண்டு விளக்கலாம்.

சராசரியாக 1,600 கிலோ எடையுள்ள காரின் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 400 கிலோவைத் தாங்குகிறது. டயரின் காற்றழுத்தம் 32 பவுண்டு எனில், அது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. கணக்கிட்டால், ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு 180 சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதாவது, ஓர் உள்ளங்கை அளவு. காரின் விலை ஐந்து லட்சமோ ஐம்பது லட்சமோ, அதைச் சாலையுடன் இணைப்பவை நான்கு உள்ளங்கைகள்தாம்.

அந்த உள்ளங்கை தரும் பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது. அதை முடுக்கத்துக்குச் செலவிடலாம், பிரேக்குக்குச் செலவிடலாம், வளைவில் திரும்புவதற்குச் செலவிடலாம். ஒன்றுக்கு அதிகம் செலவிட்டால் மற்றதற்குக் குறையும். முன்சக்கர உந்துவிசை கொண்ட காரில் முன்டயர்களே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அங்கே வரவு தீர்ந்துபோனால், கார் வளையாமல் நேராகப் போக முற்படும். ஓட்டுநர் இயல்பாகவே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். பெரும்பாலும் கார் கட்டுக்குள் வரும். பின்சக்கர உந்துவிசையில் பின்டயர்கள் தள்ளவும் வேண்டும், வளைவில் காரின் பின்பகுதியைத் தாங்கிப் பிடிக்கவும் வேண்டும். நனைந்த வளைவில் சற்று அதிகமாக முடுக்கினால் வரவு முழுவதும் தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும். தாங்கிப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. பின்பகுதி வெளியே வீசப்படும். அப்போது பதறிக் காலை எடுப்பதும், பிரேக்கை மிதிப்பதும் நிலைமையை மேலும் மோசமாக்கக்கூடும்.

இத்தகைய கார்கள் நமக்கு அந்நியமானவையும் அல்ல. செங்கல்பட்டை அடுத்த மகேந்திரா வேர்ல்டு சிட்டிப் பகுதியில் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஆலை 2007 முதல் இயங்குகிறது. அந்நிறுவனத்தின் 3 வரிசை செடான்களில் 258 குதிரைத் திறனும் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்ட வகை, நம் சாலைகளில் சாதாரணமாகக் காணக்கூடியது. அத்தனை விசையும் பின்னாலுள்ள இரண்டு உள்ளங்கைகள் வழியாகச் சாலைக்கு இறங்குகிறது. வண்டியின் நிலைத்தன்மையைக் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இன்று இவற்றில் இருக்கிறது. ஆனால், அது செலவைச் சீராகப் பங்கிடும் கணக்காளர் மட்டுமே. வரவைக் கூட்டும் வல்லமை அதற்கு இல்லை. வரவைத் தருவது டயர்.

பதினான்கு மீட்டர்

வரவு சற்றுக் குறைந்தால் என்ன ஆகும்? எளிய இயற்பியல் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இரு கார்கள் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கின்றன. நனைந்த சாலையில் ஒன்றின் உராய்வுக் கெழு 0.7, மற்றதற்கு 0.5 எனக் கொள்வோம். முதல் கார் 36 மீட்டரில் நிற்கும். இரண்டாவது கார் நிற்க 50 மீட்டர் வேண்டும். வேறுபாடு 14 மீட்டர். முதல் கார் முற்றிலும் நின்றுவிட்ட அந்த இடத்தை, இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு மிதிவண்டி நின்றிருந்தால் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சாலையில் நீர் தேங்கியிருந்தால் கணக்கு இன்னும் கடுமையாகும். டயரின் கால்வாய்கள் நீரை வெளியேற்ற முடியாதபோது, டயர் நீர்ப்படலத்தின் மீது மிதக்கத் தொடங்கும். விமானச் சக்கரங்களுக்காக நாசா உருவாக்கிய சூத்திரம் ஒன்று, இந்த மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்கிறது. அதன்படி 32 பவுண்டு அழுத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 94 கி.மீ.; 24 பவுண்டில் 82 கி.மீ. கார் டயருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. பட்டன் தேயத் தேய ஆபத்து இன்னும் குறைந்த வேகத்திலேயே தொடங்கும். ஆனால், பாடம் தெளிவானது: பெட்ரோல் பங்க்கில் காற்று பார்க்கச் சோம்பிய ஒரு மாதம், நம்முடைய பாதுகாப்பு வேகத்தைச் சத்தமின்றிக் குறைத்துவிடுகிறது.

மோட்டார் வாகன விதிகளின்படி கார் டயருக்குக் குறைந்தது 1.6 மி.மீ. பட்டன் ஆழம் இருக்க வேண்டும். புதிய டயரில் இது 8 மி.மீ. அளவில் இருக்கும். 1.6 என்பது சட்டத்தின் கடைசிப் படி. மழைக்காலத்துக்கு 3 மி.மீட்டருக்குக் கீழே இறங்காதிருப்பதே விவேகம். ஆனால், இந்த 1.6-ஐக் கூட அளப்பவர் யார்? சொந்தப் பயன்பாட்டுக் காருக்குப் பதிவு பதினைந்து ஆண்டுகள் செல்லும். வாடகை வண்டிக்கும் லாரிக்கும் உள்ளது போன்ற தகுதிச் சான்று ஆய்வு அதுவரை அதற்கு இல்லை. மொட்டை டயரோடு ஒரு கார் பதினைந்து ஆண்டுகள் ஓடினாலும் எந்த அலுவலகமும் குனிந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அறியாமையின் சந்தை

1970-ஆம் ஆண்டு பொருளியலில் இரண்டு முக்கியமான கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று ஜார்ஜ் ஏக்கர்லாஃப் எழுதியது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், தரமான பொருள் தரமற்றதால் விரட்டப்படும் என்று பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து அவர் விளக்கினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்னொன்று ஃபிலிப் நெல்சன் எழுதியது. வாங்கும் முன்பே தரம் தெரியும் பொருள்கள், பயன்படுத்திய பின்பே தரம் தெரியும் பொருள்கள் என அவர் பிரித்தார். மூன்றாண்டுகளுக்குப் பிறகு டார்பியும் கார்னியும் மூன்றாவது வகையைச் சேர்த்தனர்: பயன்படுத்திய பின்பும் தரத்தை அறிய முடியாத பொருள்கள், நம்பிக்கையின் பேரில் மட்டுமே வாங்குபவை.

டயர் அந்த மூன்றாவது வகை. மாம்பழத்தை முகர்ந்து பார்க்கலாம். புடவையை விரித்துப் பார்க்கலாம். டயரைத் தட்டிப் பார்த்து எதுவும் தெரியாது. ஐந்தாண்டுகள் ஓட்டியவருக்கும் அதன் ஈரப் பிடிமானம் எவ்வளவு என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் அந்த ஒரு நாளில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இத்தகைய பொருளுக்குத்தான் அரசின் தரக்குறியீடு தேவைப்படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் டயர் விற்பனையில் குறியீட்டுச் சீட்டு கட்டாயம். எரிபொருள் சிக்கனம், ஈரப் பிடிமானம், இரைச்சல் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். 2021-இல் அது மேலும் திருத்தப்பட்டது. அமெரிக்காவில் தேய்மானம், இழுவை, வெப்பத் தாங்குதிறன் ஆகியவற்றுக்கான தரநிலைகளை டயரின் பக்கவாட்டிலேயே பொறிக்கிறார்கள்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. உருளும் தடை, ஈரப் பிடிமானம், இரைச்சல் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகளை ஏஐஎஸ் 142 என்ற தரநிலை நிர்ணயிக்கிறது. அதைக் கட்டாயமாக்கி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டது. புதிய வடிவமைப்புகளுக்கு அந்த ஆண்டு அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், குறைந்தபட்சம் என்பது தேர்ச்சி மதிப்பெண் போன்றது. 35 வாங்கியவரும் 95 வாங்கியவரும் தேர்ச்சி பெற்றவர்களே. மதிப்பெண் பட்டியலை மறைத்துவிட்டு, ‘எல்லோரும் தேர்ச்சி’ என்று மட்டும் சொன்னால் தேர்வு செய்பவருக்கு என்ன பயன்? எரிசக்தித் திறன் அமைப்பு டயர்களுக்குக் கொண்டுவந்த நட்சத்திரக் குறியீடும் எரிபொருள் சேமிப்பையே மையமாகக் கொண்டது. உருளும் தடையைக் குறைப்பதும் ஈரப் பிடிமானத்தைக் கூட்டுவதும் பல நேரங்களில் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. சிலிக்கா கலந்த ரப்பர் அந்த மோதலைத் தணித்திருக்கிறது, நீக்கிவிடவில்லை. எனவே, நட்சத்திரத்தை மட்டும் பார்த்து வாங்குவதும் முழுமையாகாது.

டயர் மாவட்டத்தின் முரண்

இதில் வேதனையான முரண் ஒன்று இருக்கிறது. எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தை டயர் மாவட்டம் என்றே அழைக்கலாம். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே. டயர், சியட் ஆகியவற்றின் ஆலைகள் இயங்குகின்றன. அண்டை மாவட்டங்களில் எம்.ஆர்.எஃப். ஆலைகளும் மிஷ்லின் ஆலையும் உள்ளன. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். வாகனச் சோதனைக்கான ஓடுதளங்களைக் கொண்ட மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது. இத்தனைக்கும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் வாழும் ஒரு பொறியாளருக்கு, தான் வாங்கும் டயர் மழையில் எப்படி நிற்கும் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

சந்தையின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். மாற்று டயர் சந்தையில் விலையை ஒருங்கிணைத்ததாக ஐந்து நிறுவனங்கள் மீதும் அவற்றின் கூட்டமைப்பு மீதும் இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் நடவடிக்கை எடுத்தது. மொத்தம் 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்த அந்த ஆணை 2022 பிப்ரவரியில் வெளியானது. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீடு செய்தன. அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் வழக்கை மறுபரிசீலனைக்காக ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. குற்றம் நிரூபிக்கப்பட்டதாக இதைக் கொள்ளக் கூடாது. ஆயினும், சிலரே விற்கும் சந்தையில் போட்டி எந்த அளவுக்கு இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது.

2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் பெற்றே இறக்குமதி செய்ய வேண்டும் என்றானது. உள்நாட்டுத் தொழிலையும் கன்னியாகுமரி, கேரள ரப்பர் விவசாயிகளையும் கருதினால் இதற்கு நியாயம் உண்டு. ஆனால், பெரிய விட்டமுள்ள உயர்வேக டயர்களைத் தேடுபவருக்குத் தேர்வு சுருங்குகிறது. சுருங்கிய தேர்வில், கிடங்கில் கிடந்த பழைய சரக்கும் புதியதாக வேடமிட்டு வர வாய்ப்பு உண்டாகிறது.

என் தங்கை மகனுக்கு நேர்ந்தது அதுவே. மறுநாள் காலை குனிந்து பார்த்தோம். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். ‘2224’ என்றால் 2024-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். அவனுடைய டயர்களுக்கு விற்பனை நாளன்றே ஆறு வயது முடிந்திருந்தது. ரப்பர் ஓடாமலிருந்தாலும் முதுமை அடையும். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்தாண்டுகளுக்குள் தூக்கிப்போடவும் தயாரிப்பாளர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர். அவன் பட்டன் புதிதாக இருப்பதைப் பார்த்தான், வயதைப் பார்க்கவில்லை. விற்றவரும் சொல்லவில்லை.

எங்கள் ஊர்க் கல்வெட்டு சொல்லும் வரிசை

உத்திரமேரூர் என்றதும் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது குடவோலைக் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டவை அவை. அந்தச் சாசனத்தில் எனக்குப் பிடித்தது ஓலையை எடுக்கும் காட்சி அல்ல. அதற்கு முந்தைய பகுதி. வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கும் 70-க்கும் இடைப்பட்ட வயது எனத் தகுதிகளை முதலில் வரையறுக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை உறவினரோடு சேர்த்து விலக்குகிறது. இப்படி வடிகட்டிய பிறகுதான் குடத்தில் ஓலை விழும். அன்றைய தகுதிகளில் பல இன்று ஏற்கத்தக்கவை அல்ல. முதலில் விலக்கு, பிறகு தேர்ந்தெடு என்ற வரிசை மட்டும் இன்றைக்கும் பொருந்தும்.

சக்திவாய்ந்த பின்சக்கர உந்துவிசைக் காருக்கு டயர் தேடுபவர் பெயரையும் விலையையும் கடைசியில் பார்க்கட்டும். முதலில், கார் தயாரிப்பாளர் குறித்த அளவு. 225/50 ஆர் 17 என்றால் அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் பாதி, ரேடியல் வகை, வளையம் 17 அங்குலம். அழகுக்காகப் பெரிய வளையமும் மெல்லிய பக்கச்சுவரும் போடுவது நம் சாலைக்குப் பகை. குவாரியிலிருந்து வரும் டாரஸ் லாரிகள் சிந்திய ஜல்லியும், மழையில் மறைந்த பள்ளமும் வளையத்தையே நெளித்துவிடும். அடுத்தது, எடைக் குறியும் வேகக் குறியும். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். ‘வி’ என்றால் 240, ‘டபிள்யூ’ என்றால் 270 கி.மீ. வேகம் வரை. அந்த வேகத்தில் யாரும் போகப் போவதில்லை. ஆனால், வேகக் குறி என்பது வெப்பத்தைத் தாங்கும் திறனும்கூட என்பதால் குறைக்கக் கூடாது. மூன்றாவது, தயாரிப்பு வாரம். ஓராண்டுக்கு மேற்பட்டதைத் திருப்பிக் கொடுக்கலாம். நான்காவது, காற்றின்றியும் சிறிது தூரம் ஓடக்கூடிய வகை டயரோடு வந்த கார் எனில், அதில் ஸ்டெப்னி இருக்காது. சாதாரண டயருக்கு மாறுவோர் அந்தக் குறையை முன்கூட்டியே ஈடுகட்ட வேண்டும்.

இவற்றில் தேறியவற்றுள் ஈரப் பிடிமானத்தில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் தட்பவெப்பத்துக்கு அது பெரும்பாலும் கோடை டயராகவே இருக்கும். ‘கோடை’ என்ற பெயர் மழையை விலக்குவதில்லை, குளிரைத்தான் விலக்குகிறது. அடிக்கடி இமயமலைப் பக்கம் போகிறவருக்கே அனைத்துப் பருவ டயர் பொருள் தரும். நான்கையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. இரண்டு மட்டுமே மாற்ற முடியுமெனில், புதியவை பின்னால் இருக்கட்டும். பின்பகுதி வழுக்குவதே அடக்கக் கடினமானது.

செல்வந்தரின் கவலையா?

ஆடம்பரக் காருக்கு டயர் வாங்குவது தலையங்கப் பக்கத்தில் பேசும் பொருளா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், சாலை என்பது பொதுச்சொத்து. அங்கே ஒருவர் செய்யும் தவறான கொள்முதலின் விலையை அவர் மட்டுமே கொடுப்பதில்லை. காற்றுப்பைகளும் உறுதியான உடலமைப்பும் காருக்குள் இருப்பவரைக் காக்கும். எதிரே வரும் மிதிவண்டிக்கு அவை இல்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர்; விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு. இவற்றில் டயரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால், ஓட்டுநரின் தவறு என்று எழுதி முடிக்கும் பல வழக்குகளில், தவறு செய்த அந்த நொடியில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய 14 மீட்டர் கிடைக்கவில்லை என்பதும் உண்மையாக இருக்கக்கூடும்.

ஆகவே, அரசிடம் கேட்க வேண்டியவை செலவு மிகுந்தவை அல்ல. தரநிலைச் சோதனையில் ஒவ்வொரு டயரும் பெற்ற ஈரப் பிடிமான அளவு நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கிறது; அதை விற்பனைச் சீட்டில் அச்சிடச் செய்யலாம். தயாரிப்பு வாரத்தைப் பில்லில் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கலாம். மருந்துக்கும் பால் பாக்கெட்டுக்கும் தேதி கேட்கும் நாடு டயருக்குக் கேட்கக் கூடாதா? ‘அனைத்துப் பருவம்’ என்ற சொல்லை எந்தச் சோதனையில் தேறினால் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்காக ஒவ்வொரு காரும் எப்படியும் சோதனை மையத்துக்கு வருகிறது. அங்கேயே பட்டன் ஆழத்தையும் அளந்து எழுதலாம்.

வரிக் குறைப்பும் இதற்கு உதவும். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு டயரின் அடிப்படை விலை 15,000 ரூபாய் எனக் கொண்டால், நான்கு டயர்களுக்கு 6,000 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தை மலிவான டயருக்கு மாறிக் கூடுதலாக மிச்சம் பிடிக்காமல், ஒரு படி மேலான டயருக்குச் செலவிடலாம். எது மேலான படி என்று தெரிந்தால்தான் அதுவும் முடியும்.

என் தங்கை மகன் நான்கு டயர்களையும் மாற்றிவிட்டான். இம்முறை வேறொரு கடை. நானும் உடன் சென்றேன். பில்லில் தயாரிப்பு வாரத்தை எழுதித் தருமாறு கேட்டான். கடைக்காரர் சற்றுத் தயங்கினார். “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே” என்றார். பிறகு டயரைப் புரட்டிப் பார்த்து, நான்கு இலக்கங்களையும் பேனாவால் எழுதிக் கொடுத்தார். ஒரு நல்ல மனிதரின் தாட்சண்யத்தால் எங்களுக்குக் கிடைத்த அந்த வரி, எல்லோருக்கும் சட்டத்தால் கிடைக்க வேண்டும்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், பணி நிறைவு)